கீழ்வளைவுக்குத் துண்டும் சோப்பும்

குலுக்கலில் மேல்வளைவுக்கு விளையாட்டுக்கூடம் விழுந்தது. கீழ்வளைவுக்குத் துண்டும் சோப்பும். எந்த ஊருக்கு எது என்பதை நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பொறுக்கியதாகக் கீழ்வளைவின் ஊர்த்தலைவர் கூட்டம் போட்டுச் சொன்னார்.

"கம்ப்யூட்டருக்கு நம்ம ஊரு மேல என்ன கோவம்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"அதுக்குக் கோவதாபம் கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கும்."

"கண்ணைத் தொறந்துக்கிட்டு எடுத்தா மட்டும் நமக்கு விழுந்துருமாக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சீனாவின் சின்லிங் மலைக்குள் ஒரே ஓடையின் மேல்வளைவில் ஓர் ஊர், கீழ்வளைவில் ஓர் ஊர், நடுவில் ஒரு மேடு. இரண்டிலும் அதே சோளம், அதே வால்நட் மரங்கள், ஆம்பிளைகள் வெளிமாகாணத்தில் சுரங்கப்பாதை குடையப் போய்விட்ட அதே வீடுகள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொன்னது இதுதான். மூன்று வயதுக்குள் பிள்ளையோடு பேசி, பாடி, விளையாடி வளர்த்தால் அதன் மூளை திறக்கும், படிக்கும், சம்பாதிக்கும். இன்றைக்குப் பிள்ளைமேல் போடும் ஒரு யுவான் நாளைக்கு நாட்டுக்குப் பல யுவானாகத் திரும்பும். அரசாங்கம் இதை நம்பவேண்டுமென்றால் வித்தியாசத்தைக் காட்டியாக வேண்டும். வித்தியாசம் தெரியவேண்டுமென்றால் யாராவது ஒன்றுமே கிடைக்காமல் கிடக்க வேண்டும். அந்த யாராவது கீழ்வளைவு.

இதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

யுன்லானின் மகள் மாய்மாய்க்கு அப்போது ஒன்றரை வயது. இடுப்புயர மரத்தொட்டிக்குள் நின்றுகொண்டிருப்பாள். அந்தத் தொட்டியில் நிறுத்தினால் பிள்ளையால் உட்காரவும் முடியாது, ஏறி வெளியே வரவும் முடியாது. மலையில் தாய்மாருக்கு வேலை நடப்பதே அந்தத் தொட்டியால்தான். யுன்லானும் அதில் நின்று வளர்ந்தவள்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை வெளியே தள்ளியது. கரும்பலகையில் வாத்தியார் எழுதுவது கண்ணுக்குத் தெரியும், மண்டைக்குள் ஏறாது. உள்ளே எவனோ கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

மாய்மாய் பேசவில்லை. 'அம்மா' கூட இல்லை. அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள்: "என்ன சமர்த்துப் பிள்ளை! இருக்கிற இடமே தெரியலையே!" மலையில் நல்ல பிள்ளை என்றால் சத்தம் போடாத பிள்ளை, அந்நியர் சாமானைத் தொடாத பிள்ளை. அந்த மெச்சலைக் கேட்கும்போதெல்லாம் யுன்லானுக்குத் தன் நாலாம் வகுப்புதான் ஞாபகம் வரும்.

அந்த இலையுதிர் மழை விடாமல் பெய்த ஒரு பகலில் ஃபான் வந்தாள்.

முற்றத்துத் தகரக்கொட்டகையில் யுன்லான் வால்நட் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். பச்சைத்தோலைக் குச்சியால் தட்டிப் பிளந்து, காலால் உருட்டி, கையால் கழற்ற வேண்டும். அதன் சாறு பட்ட கை அடுப்புக்கரி நிறத்துக்குப் போய்விடும். எந்தச் சோப்புக்கும் போகாது, தோல் உரிந்துதான் போகும். அவள் மாமனார் உள்ளே கட்டிலில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தார். தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்த தூசி அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

ஃபானைக் கண்டதும் யுன்லான் எழுந்திருக்கவில்லை. "என்ன, டிராக்டர் வெளியில நிக்குதா?" என்றாள்.

ஃபான் முன்பு குடும்பக்கட்டுப்பாட்டு அதிகாரி. இரண்டு ஊரிலும் எந்த வயிறு எப்போது நிறைந்தது, எப்போது காலியானது என்பது அவளுக்குத் தெரியும். யுன்லானுக்குக் கல்யாணம் பதிவாகுமுன் வந்த முதல் கர்ப்பத்தை, ஏழாம் மாதத்தில், டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய்க் கலைக்க வைத்தவள் அவள்தான். சட்டம் தளர்ந்த பிறகு அந்த வேலை இல்லை. ஒரு மாதப் பயிற்சி கொடுத்து, மஞ்சள் சட்டை மாட்டிவிட்டு, மேல்வளைவு விளையாட்டுக்கூடத்துக்கு டீச்சராக்கி அனுப்பியிருந்தார்கள்.

"அப்ப அது வேலை. இப்ப இது வேலை. சம்பளம் என்னமோ அதேதான்," என்றாள் ஃபான், குடையை மடக்கிக்கொண்டே. "மேல்வளைவுல இருந்த உன் அக்கா குடும்பத்தோட தெற்கே செருப்பு ஃபாக்டரிக்குப் போயிட்டா, தெரியும்ல? மக ருய்ருய்யையும் தூக்கிட்டுப் போயிட்டா."

"எனக்குத் தெரியாதா? எங்கக்கா."

"என் கூடத்துல பிள்ளை குறையுது. குறைஞ்சா மூடிடுவாங்க. உன் பிள்ளைக்கும் ருய்ருய் வயசுதான்." கொஞ்சம் நிறுத்தினாள். "அங்க வந்தா அவ பேரு ருய்ருய். அவ்வளவுதான்."

யுன்லானின் கை நின்றது. உள்ளேயிருந்து மாமனார் கேட்டார்: "விளையாடறதுக்குமா இப்ப ஆபீஸ்? கோழிக்குஞ்சுக்குக் கிளற யாரு சொல்லிக்குடுத்தா?"

"கோழிக்குஞ்சு பரீட்சை எழுதாது, பெரியவரே."

"என் மகன் எழுதினான். என்ன ஆச்சு? பொந்து குடையறான். அவளும் வளர்ந்தா வால்நட் உரிப்பா."

அந்தக் கடைசி வார்த்தைதான். மாமனார் வழக்கம்போல் எதையோ சொன்னார். அது யுன்லானைப் போய்க் குத்தியது. அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குள் நின்ற மகளைப் பார்த்தாள்.

"ஊர்க்காரங்க சொல்லிட்டா?"

"மேல்வளைவுக்காரி ஒருத்தியும் வாயைத் தொறக்க மாட்டா. கூடம் மூடினா அவ பிள்ளைக்குத்தான் நஷ்டம்."

மறுநாளே யுன்லான் மகளை முதுகுக்கூடையில் வைத்து மேடு ஏறினாள்.

அந்தக் கூடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தரையில் ரப்பர் பாய், மரக்கட்டைகள், மணி, கந்தல் பொம்மை, ஓரம் நைந்த படப்புத்தகங்கள். நடுவில் ஒரு நிலக்கரி அடுப்பு. பிள்ளையைச் சுதந்திரமாக விட்டு, எதிரே உட்கார்ந்து, அது எதைப் பார்க்கிறதோ அதைப்பற்றிப் பேச வேண்டும். யுன்லானுக்கு முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பதில் சொல்லாத பிள்ளையோடு தனியாகப் பேசுவதாவது, பைத்தியமா?

"பேசுடி," என்றாள் ஃபான். "என்னை வையறதுக்கு மட்டும் வாய் இருக்குல்ல? அதுல பாதியைப் பிள்ளைகிட்ட பேசு."

"என்னத்தப் பேச?"

"அடுப்பைப் பாக்கறா. அடுப்புன்னு சொல்லு. சுடும்னு சொல்லு. அவ்வளவுதான், வானத்தை வில்லா வளைக்கவா சொன்னேன்?"

பக்கத்திலிருந்த மேல்வளைவுக்காரி சிரித்தாள். "நம்ம ஃபான் டீச்சர் அந்தக் காலத்துல பிள்ளைச் சத்தம் கேட்டாலே துரத்திக்கிட்டு வருவாங்க. இப்பப் பிள்ளை சத்தம் போடலேன்னா அடிக்க வர்றாங்க."

ஃபானும் சிரித்தாள். யுன்லான் சிரிக்கவில்லை. ஆனால் பேசினாள். அடுப்பு சுடும் என்றாள். மணி ஆடும் என்றாள். கூதிர்காலம் முழுக்க அப்படிப் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. பனி விழுந்த ஒரு நாள் மாய்மாய் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பார்த்து, "வெள்ளை," என்றாள். யுன்லான் கூடத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். பிள்ளையின் முதல் சொல் 'அம்மா' இல்லையே என்று அல்ல. தாழ்ப்பாள் நகர்ந்த சத்தம் கேட்டுவிட்டது அவளுக்கு.

அதற்குப் பிறகு பிள்ளையை நிறுத்தவே முடியவில்லை. வசந்தத்தில் இரண்டு சொல் சேர்த்தாள். கோடையில் கதை கேட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. வீட்டில் மாமனார் "மாய்மாய்!" என்று கூப்பிட்டால் பிள்ளை திரும்பாது.

"இங்க பாரும்மா, உன் பிள்ளைக்குக் காது போச்சு."

"ருய்ருய்," என்று யுன்லான் மெதுவாகக் கூப்பிட்டாள். பிள்ளை ஓடி வந்தது.

மாமனார் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "அறிவு வந்துச்சு, பேரு போச்சு. நல்ல வியாபாரம்."

அடுத்த வால்நட் பருவம் வந்தபோது பல்கலைக்கழகம் சோதனைக்கு வருவதாகச் செய்தி வந்தது. கூடம் உள்ள ஊர், இல்லாத ஊர், இரண்டிலும் அதே சோதனை. காலையில் மேல்வளைவு, பிற்பகலில் கீழ்வளைவு. ஃபான் மறுபடி யுன்லானின் கொட்டகைக்கு வந்து எதிரே குந்தினாள். கேட்காமலே குச்சியை எடுத்து வால்நட்டைத் தட்டத் தொடங்கினாள்.

"காலையில அவ ருய்ருய். எல்லாத்தையும் செய்யட்டும், வாய் ஓயாம பேசட்டும். மதியம் அவ மாய்மாய். ஒண்ணும் செய்யக்கூடாது."

"ஏன் செய்யக்கூடாது?"

"போன வருஷச் சோதனையில கட்டையைக்கூடத் தொடாத பிள்ளை, கூடமே இல்லாத ஊர்ல, இந்த வருஷம் கதை சொல்லுதுன்னா சோதிக்கறவன் கேப்பான்ல? நோண்டுவான். ஒரு பிள்ளையை ரெண்டு இடத்துல காட்டினது வெளிய வரும். கூடம் மூடும். என் வேலை போகும், அதை விடு. உன் பிள்ளை திரும்பத் தொட்டிக்குள்ள போகும்."

"சின்னப் பிள்ளை டீச்சர். செய்யாதேன்னா அதுக்குப் புரியுமா?"

ஃபான் வால்நட்டைப் பிளந்து பருப்பை வாயில் போட்டுக்கொண்டாள். "புரிய வைக்கறது உன் பாடு. ஒரு மத்தியானந்தான். வித்தியாசம் நல்லாத் தெரிஞ்சா எல்லா ஊருக்கும் கூடம் வரும்னு பேராசிரியரே சொல்லியிருக்கார். கீழ்வளைவுக்கும் வரும். அப்புறம் உன் பிள்ளை உன் ஊர்லயே, உன் பேருலயே போகலாம்."

யுன்லான் அன்றிரவு சமைத்த புளிநீர் நூடுல்ஸில் உப்புப் போட மறந்தாள். மாமனார் உப்புக் கிண்ணத்தை எட்டி எடுத்துக்கொண்டார்.

சோதனை நாள் காலையில் ருய்ருய்க்கு இரட்டைச்சடை, சிவப்பு ரிப்பன். கண்ணாடி போட்ட ஒரு மாணவன் எதிரே உட்கார்ந்தான். பிள்ளை கட்டைகளைக் கோபுரமாக அடுக்கினாள். கிண்ணத்துக்கடியில் ஒளித்த மணியை எடுத்தாள். படத்தைக் காட்டுமுன்பே "வாத்து! வாத்து தண்ணியில!" என்றாள். மாணவன் சிரித்துவிட்டான். "அக்கா, இவதான் இன்னிக்கு முதல்," என்றான் யுன்லானிடம். அவள் பெருமையை முகத்தில் காட்டாமலிருக்கப் படாத பாடுபட்டாள்.

மேட்டிலிருந்து இறங்கியதும் ஃபான் கத்தரியும் சவரக்கத்தியும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சடை போயிற்று. தலை மொட்டையாயிற்று. பிள்ளை ரிப்பனைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. பழைய நீலச்சட்டை ஒன்றை மாட்டினார்கள். அழுது அழுது முகம் வீங்கி, பிற்பகலில் கீழ்வளைவுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அது உண்மையாகவே வேறு பிள்ளையாக இருந்தது.

இந்த முறை சோதித்தது ஒரு மாணவி, பெயர் ஷென். பிள்ளைகளைப் பிடிக்கும் பெண் என்பது பார்த்தாலே தெரிந்தது. மாய்மாய் யுன்லானின் மடியில் இருந்தாள். ஷென் கட்டைகளைப் பரப்பினாள். பிள்ளைக்குக் கண் மலர்ந்தது, கை நீண்டது. யுன்லான் மேசைக்கடியில் பிள்ளையின் தொடையைப் பிடித்துத் திருகினாள்.

கை பின்வாங்கியது. பிள்ளை அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அழவில்லை. இது என்ன விளையாட்டு என்று யோசித்தது.

"தொடு கண்ணு, உனக்குத்தான்," என்றாள் ஷென்.

மறுபடி கை நீண்டது. மறுபடி திருகினாள். மணிக்கு ஒரு திருகல். வாத்துப் படத்தைப் பார்த்ததும் பிள்ளையின் வாய் 'வா' என்று குவிந்தது. யுன்லான் நகம் பதிய அழுத்தினாள். நல்ல மூளை அது, ஓராண்டு பேசிப் பேசித் திறந்த மூளை. அதனால் சீக்கிரம் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு கிள்ளத் தேவையிருக்கவில்லை. எதைக் காட்டினாலும் மாய்மாய் உதட்டை மடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்தாள்.

ஷென்னுக்குக் கண் கலங்கியது. யுன்லானின் கறுத்த கைகளைப் பார்த்தாள். அழுக்கு என்று நினைத்திருப்பாள். "அக்கா, பிள்ளையோட நாளுக்குக் கொஞ்ச நேரமாவது பேசுங்க," என்றாள். "காசு செலவில்லாத விஷயம்." பிறகு துண்டும் சோப்பும் கொடுத்தாள்.

அந்த வாரம் அக்கா யுன்ஷியா ஊர் திரும்பினாள். செருப்பு ஃபாக்டரியில் பசை நெடி பிள்ளையின் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். நிஜ ருய்ருய் நிஜப் பெயரோடு கூடத்துக்குள் போய் உட்கார்ந்தாள். யுன்லான் மகளோடு வாசலில் நின்றாள்.

"ரெண்டு ருய்ருய்யை எங்க வைப்பேன்?" என்றாள் ஃபான். "கொஞ்ச நாள் பொறு. உங்க ஊருக்கே வரப்போகுது."

"அதுவரைக்கும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா டீச்சர். பொம்மைகூட வேண்டாம்."

"சோதனை முடிஞ்சு கண்காணிப்புக்கு ஆள் வந்துட்டே இருக்கான். புரிஞ்சுக்க." கதவைச் சாத்தினாள். வன்மமாகச் சாத்தவில்லை, குளிருக்குச் சாத்துகிறவளைப்போலச் சாத்தினாள்.

புத்தாண்டுக்கு முன் பேராசிரியர் வந்தார். மேல்வளைவுக் கூடத்தில் இரண்டு ஊரையும் கூட்டி, திரையில் படம் போட்டார். இரண்டு கோடுகள். ஒன்று மேலே ஏறியது. ஒன்று தரையோடு கிடந்தது. நல்ல மனுஷர்தான், குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அவரே எதிர்பார்க்கவில்லையாம். ஒரு யுவான் போட்டால் இத்தனை திரும்பும் என்று இனி தலைநகரத்தில் யாரும் வாயைத் திறந்து மறுக்க முடியாதாம்.

"அப்போ எங்க ஊருக்கு எப்ப வரும்?" கேட்டது யுன்லான்.

பேராசிரியர் அவளைக் கனிவோடு பார்த்தார். "இந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போற வரைக்கும் நாங்க பின்தொடரணும்மா. அதுவரைக்கும் ரெண்டு ஊரும் இருக்கிறபடியே இருக்கணும். இப்பக் கீழ்வளைவுக்கும் கூடம் வச்சா ஒப்பிட ஒண்ணுமில்லாமப் போயிடும். வேற மாவட்டங்களுக்கு உடனே போகுது. நீங்க செஞ்ச தியாகத்தால ஆயிரக்கணக்கான பிள்ளைங்க..."

"நான் தியாகம் ஒண்ணும் செய்யல!" யுன்லான் எழுந்துவிட்டாள். "அந்தக் கோடு பொய். மேல போறதுலயும் என் பிள்ளை இருக்கா, கீழ கிடக்கறதுலயும் என் பிள்ளைதான் இருக்கா. ரெண்டும் இவதான்!"

மாய்மாயைத் தூக்கிப் பிடித்தாள். ஃபான் தரையைப் பார்த்தாள்.

"காலையில ருய்ருய்ன்னு கூட்டியாந்தது இவளைத்தான். இந்தத் தம்பிதான் சோதிச்சுது. சொல்லு தம்பி! இவதான் முதல்னு நீதானே சொன்னே?"

கண்ணாடி போட்ட மாணவன் முடி குட்டையாய் முளைத்திருந்த தலையைப் பார்த்தான், காதைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனும் ஒரு மலையூர்ப் பையன்தான். அவன் வீட்டில் முதல் படிப்பு அவனுடையது. அந்தக் கோடுகளில்தான் அவன் பட்டம் இருந்தது. "நிறையப் பிள்ளைங்களைப் பார்த்தேன் அக்கா," என்றான். "ஞாபகம் இல்ல."

"அக்கா, நீ சொல்லேன்!" என்று யுன்ஷியா பக்கம் திரும்பினாள் யுன்லான்.

யுன்ஷியா தன் மகளை மடியோடு இறுக்கிக்கொண்டாள். "எங்க வீட்டுப் பிள்ளை இதோ இருக்கு, ஐயா. என் தங்கச்சிக்குப் பாவம், பிள்ளை பேசலேன்னு ஏக்கம்."

"பேசுவா!" யுன்லான் மகளை மேசைமேல் நிறுத்தினாள். ஒரு படப்புத்தகத்தைப் பிடுங்கி விரித்தாள். "மாய்மாய், இது என்ன? சொல்லு கண்ணு. ருய்ருய், சொல்லுடா. அம்மா ஒண்ணும் செய்ய மாட்டேன். கிள்ள மாட்டேன். சொல்லு!"

பிள்ளை படத்தைப் பார்த்தது. எதிரே ஷென்னைப் பார்த்தது, மாணவனைப் பார்த்தது, அத்தனை முகத்தையும் பார்த்தது. உதட்டை மடித்துக்கொண்டது. மெல்ல இரண்டு கையையும் இறக்கித் தொடைகளை மூடிக்கொண்டது.

"சொல்லித் தொலையேன்டி!"

பிள்ளை சுவர்பக்கம் திரும்பி நின்றது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ "ச்சு" கொட்டினார்கள். பேராசிரியர் தாழ்ந்த குரலில் ஷென்னிடம், "இதுதான் நான் சொல்றது. மூணு வயசுக்குள்ள கவனிக்கலேன்னா என்ன ஆகும்னு பாருங்க," என்றார். படம் எடுக்க வந்திருந்தவன் அந்தக் குட்டைமுடித் தலையை, சுவரை, மேசையை எல்லாம் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

யுன்லான் மகளை இறக்கிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். முதுகுக்கூடையில் வைத்துக்கொள்ளவில்லை. மேடு முழுக்க நடக்கவிட்டாள். பாதையில் பனி உறைந்து கண்ணாடித்துண்டாய்க் கிடந்தது. பிள்ளை விழுந்தது, எழுந்தது, தத்தித் தத்தி வந்தது, முனகல்கூட இல்லை. கூட்டத்திலிருந்து திரும்பிய கீழ்வளைவுக்காரிகள் பின்னாலிருந்து வந்து இவர்களைக் கடந்தார்கள்.

"விடு யுன்லான். சத்தம் போடாத பிள்ளைதான் கடைசியில நம்மளைப் பாத்துக்கும்," என்றாள் ஒருத்தி, தேற்றுவதற்காக.

அவர்கள் திருப்பத்தில் மறைந்தார்கள். பிள்ளை நின்றது. கையை உருவிக்கொண்டு, அவர்கள் போன வழியை எட்டிப் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த வழியையும் பார்த்தது. இரண்டு பக்கமும் ஆளில்லை. யுன்லானின் கால்சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, அவள் குனிந்ததும் காதருகே வாயை வைத்துக்கொண்டு, மூச்சுக்காற்றில் சொன்னது:

"அம்மா, ஷூவுக்குள்ள ரத்தம் வருது. ரொம்ப நேரமா வருது."

சொல்லி முடித்த கணத்தில் தொடையை மூடிக்கொண்டு, கிள்ளலுக்காகக் காத்து நின்றது.